வைஃபை பிடிக்காத வெள்ளிக்கிழமை

உங்களுக்கு வெட்கமில்லையா பிள்ளைகள்? கடையில் சேர்ந்து இன்னும் கதிரை சூடாகவில்லை, அதற்குள் "ஆச்சி, அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். அதுவும் வெறுங்கையோடு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரத் தெரியாதவர்களுக்கு மற்றவனின் பிழையைக் கேட்பதென்றால் மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு ஆசை வருகிறதோ. சரி, வந்தது வந்துவிட்டீர்கள், இருங்கள். பிரதீபனைப் பிடித்துக் கேட்காமல் என்னிடம் வந்தீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். அவனிடம் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பான். பிறகு அன்று முழுவதும் அவன் கையில் வேலை ஓடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். கிளிநொச்சியில் முதலாளி கடை திறந்த காலத்தில் அது கணினிக் கடையே இல்லை. வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுக்கிற இடம். முன்மேசையில் என்னை உட்கார வைத்தார். எல்லார் கையிலும் போன் வந்ததும் அவர் கணினி திருத்தத் தொடங்கினார். கடை மாறியது, என் கதிரை மாறவில்லை. ஒரு ஆணியைக்கூட நான் கழற்றியதில்லை. கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் முகம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அக்கராயனிலிருந்து இரண்டு முகங்கள் வந்தன. மருமகள் மாலினி, மாமியார் ராசம்மா. மாலினி ஒரு லாப்டொப்பைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல அணைத்து வைத்திருந்தாள். சுவிஸில் இருக்கும் மச்சாள் பாவித்துவிட்டு அனுப்பியது. மெல்லியது, பார்க்க வடிவு. ஆனால் உள்ளே இருந்த பழைய சிஸ்டம் எழும்பப் பஞ்சிப்பட்டு, சோம்பேறிபோல நேரமெடுத்துக்கொண்டே இருந்ததாம். அன்று காலை எழும்பவே மாட்டேன் என்றுவிட்டது.

"ரெண்டு மணிக்குச் சோதனை ஆச்சி," என்றாள் மாலினி.

கொழும்பில் ஒரு கொம்பனி. வீட்டில் இருந்தபடியே தட்டச்சுச் செய்கிற வேலை. இன்டர்நெட்டில் சோதனை வைத்து ஆள் எடுக்கிறார்கள். எந்தக் கணினியில் வேலை செய்யப்போகிறாயோ அதிலேயே, கமெராவுக்கு முன்னால் தனியாக இருந்து செய்ய வேண்டும். போனில் செய்ய முடியாது, கடைக் கணினியிலும் முடியாது. தவறினால் மறுதரம் இல்லை.

இது வெறும் வேலை என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். மாலினியின் கணவன் சுதன் கட்டாரில் நின்றான். ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறாயா இல்லையா என்று அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாலினிக்கு இந்த வேலை கிடைத்தால் வைக்கமாட்டான், வீட்டுக்கு வந்துவிடுவான். கிடைக்காவிட்டால் வைப்பான். பிள்ளை அகரனுக்கு நாலு வயது. "அப்பா எங்கை?" என்று கேட்டால் போனைத் தொட்டுக் காட்டுவான். இதையெல்லாம் ராசம்மா என் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு சொல்லி முடித்தாள். மருமகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று இப்படித் தவித்த மாமியாரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்பும் கண்டதில்லை, நானும் ஒரு மாமியார்தான்.

திருத்துகிற மேசையில் இருந்த பிரதீபன் வாங்கிப் பார்த்தான். வவுனியாவில் படித்த பிள்ளை, கைவேலை சுத்தம்.

"பழைய சிஸ்டம் முடிஞ்சுது அக்கா. அதை எழுப்பேலாது. புது இலவச சிஸ்டம் ஒண்டு இந்தக் கிழமைதான் வந்தது. ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம். அதைப் போட்டால் மெசின் பறக்கும்."

"போடு தம்பி, போடு," என்றாள் ராசம்மா. "ஆனா ராகுகாலத்துக்கு முதல் தொடங்கிப்போடு. பத்தரைக்குப் பிடிச்சுடும். பிடிச்சால் பிறகு ஒண்டும் சரிவராது."

கடை வழக்கம் உங்களுக்கும் தெரியும். புது சிஸ்டம் எதையும் மெசினில் இறக்குவதற்கு முன் பென்டிரைவில் இருந்தபடியே ஓடவிட்டுப் பார்ப்போம். சத்தம் வருகிறதா, கமெரா தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று. ருசி பார்ப்பது என்று கடையில் அதற்குப் பெயர். கறியை இறக்குமுன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறோமே, அதுதான். பிரதீபன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். ராசம்மாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ருசி பார்க்கவில்லை. நேரே இறக்கிவிட்டான். நான் அப்போது முன்னால் ஒருவரின் பிரிண்டர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு முன் தொடங்கியாயிற்று. ராசம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரை எழும்பியது. என்ன வடிவு! மயில் நீலம். மாலினி சிரித்தாள்.

பிரதீபன் சிரிக்கவில்லை. என்னைப் பின்பக்கம் வரும்படி கண்ணைக் காட்டினான்.

"ஆச்சி, வைஃபை இல்லை."

"பழைய சிஸ்டத்தில இருந்திருக்குமே?"

"மெசினுக்குள்ள வைஃபைத் துண்டு இருக்கு. அது என்ன செய்யவேணும் எண்டு சொல்லிக் குடுக்கிற சின்னக் கோப்பு ஒண்டு வேணும். ஃபேர்ம்வெயர் எண்டு சொல்லுறது. துண்டைச் செய்த கொம்பனி அதைப் பொதுவில விடேல்லை. அதால இந்த சிஸ்டத்தோட சேர்ந்து வரேல்லை."

"அப்ப அதை எங்கை எடுக்கிறது?"

"இன்டர்நெட்டில."

"அந்த மெசினில இன்டர்நெட்டுக்கு எப்பிடிப் போறது?"

"வைஃபையால."

சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்தான், நான்தான் அந்தப் பொறியை வைத்தவள்போல. வயர் குத்தலாமே என்றால், மெல்லிய லாப்டொப்பில் அதற்கு ஓட்டையே வைக்கவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆச்சி, லாப்டொப்பில பெரிய பழுது, நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லுவமே?"

பிள்ளைகள், இந்த இடத்தில் காதைக் கொஞ்சம் தாருங்கள். பயந்த ஆள் முதலில் தேடுவது திருத்துகிற வழியை இல்லை, ஒளிக்கிற இடத்தை. அதற்காக அவனை நான் ஏசவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துப்போய் நின்றான், பாவம். "நாளைக்கு எண்டு சொன்னால் உனக்கு நாளைக்கு, அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருசம்," என்றேன். முன்னுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். புது சிஸ்டம் ஏறிவிட்டது, வைஃபை ஏறவில்லை, பார்க்காமல் போட்டது எங்கள் பிழை, இரண்டு மணிக்கு முன் சரிசெய்யப் பார்க்கிறோம்.

ராசம்மா எழும்பினாள். தெருவில் போன லொறிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்திருப்பான்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டானே! எணை அக்கா, படிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையே உங்கட கடையில? வேற ஆளைக் கூப்பிடுங்கோ! உவன் தொடவேண்டாம்!"

"வேற ஆள் கனகராயன்குளத்தில நிக்கிறார். பள்ளிக்கூட வேலைக்குப் போன முதலாளி. பின்னேரம்தான் வருவார்."

"அப்ப ராகுகாலம் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் தொடங்கக்கூடாது!"

"ராசம்மா, நீ பத்தரைக்கு முதல் தொடங்கச் சொன்னாய், தொடங்கியாச்சு. இப்ப செய்யிறது தொடக்கமில்லை, மிச்சம். மிச்சத்துக்கு ராகு வாறேல்லை."

அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பஞ்சாங்கத்தில் இது இருக்கிறது என்று கேட்கத்தான். மாலினி "மாமி, இருங்கோ," என்று கையைப் பிடித்து இருத்தினாள். அந்தப் பெண் ஒரு சொல் ஏசவில்லை. லாப்டொப்பின் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிரதீபனை அந்தக் கதிரையில் இருந்து எழும்ப நான் விடவில்லை. பிழை விட்டவனை எழுப்பிவிட்டு இன்னொருவனை இருத்தினால் வேலை முடியலாம். ஆனால் அவன் அதோடு முடிந்துபோவான்.

கடைக் கணினியில் அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்தான். பென்டிரைவில் இறக்கப்போகிறான், கரண்ட் போய்விட்டது. தெருவில் எங்கேயோ கம்பி மாற்றுகிறார்களாம். கடைக் கணினி, வைஃபைப் பெட்டி, மின்விசிறி எல்லாம் ஒன்றாக அமைதியாகின. லாப்டொப் மட்டும் தன் பற்றரியில் மயில் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. ராசம்மா என்னைப் பார்த்தாள். சொல்லாமலே ராகுவின் பெயர் கேட்டது.

"போன் இருக்கு ஆச்சி," என்றான் பிரதீபன். "போனை வயரால லாப்டொப்பில கொழுவினால் அதுக்கால இன்டர்நெட் வரும். வைஃபை தேவையில்லை."

மாலினியின் போனைக் கேட்டு வாங்கினான். மேசை லாச்சியில் கிடந்த வயரைக் கொழுவினான். போனில் சார்ஜ் ஏறியது. லாப்டொப்பில் ஒன்றும் வரவில்லை. கழற்றிக் கொழுவினான். மறுபக்கம் கொழுவினான். "இதுவும் வேலை செய்யேல்லை... மெசினே பழுதோ தெரியேல்லை," என்றான்.

மெசின் பழுதில்லை. அவனே கொஞ்சம் மூச்சுவிட்டுப் பிறகு கண்டுபிடித்தான். அது மலிவு வயர். கரண்டை மட்டும் கடத்தும், கதையைக் கடத்தாது. அப்படியும் வயர் செய்து விற்கிறார்கள் பிள்ளைகள். நல்ல வயர்களை முதலாளி தன் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தார். மிச்சம் கிடந்தவை பழைய போன்களுக்கானவை, முனை பொருந்தாது.

பக்கத்துக் கடை ரஃபீக் நானாவுடையது. போன் சாமான்கள் எல்லாம் அங்கே தொங்கும். எட்டிப் பார்த்தேன். பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்விட்டார்.

"பள்ளிவாசலுக்குப் போய்க் கூப்பிடுறன்," என்று ராசம்மா சேலையை இழுத்துச் செருகினாள்.

"நீ போனால் வந்துடுவார். நல்ல மனிசன். ஆனா தொழுகையில நிக்கிற மனிசனை வயருக்கு இழுக்காதை. முடிஞ்சதும் அவரே வருவார்."

"முடிய ஒண்டரை ஆகும்! பிறகு என்ன நேரம் இருக்கு?"

அவள் சொன்னதும் சரிதான். அப்போது மாலினிதான் மெல்லக் கேட்டாள், "தம்பி, போன் வாங்கேக்கை பெட்டிக்குள்ள வாற வயர் எண்டால் சரிவருமே?"

"அது சரிவரும் அக்கா. வைச்சிருக்கிறியளே?"

மாலினி மாமியாரின் மடியைப் பார்த்தாள்.

ராசம்மாவின் மடியில் ஒரு பை. எங்கள் பக்கத்து வயதான பெண்களின் பை எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணிப் பெர்மிட், ஒரு குடும்பப் படம். கோயிலுக்குப் போனாலும் கூடப் போகும், ஆசுபத்திரிக்குப் போனாலும் கூடப் போகும். சண்டைக்குள் ஓடி ஓடிப் பழகியவர்களுக்கு வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வராது. ராசம்மா அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அது ஏலாது," என்றாள்.

"மாமி..."

"ஏலாது பிள்ளை. உனக்குத் தெரியும்தானே."

சுதன் கட்டாரிலிருந்து வந்த ஒருவரிடம் தாய்க்கு ஒரு போன் கொடுத்துவிட்டிருந்தான். போனை அவள் பாவித்தாள். ஆனால் பெட்டியையும் அதற்குள் இருந்த வயரையும் தொடவில்லை. சந்தையில் வேறு வயர் வாங்கிச் சார்ஜ் போட்டாள். பெட்டி பைக்குள், வயர் பெட்டிக்குள், கடதாசிப் பட்டி சுற்றியபடி.

"அவன் தன்ர கையால சுத்தி வைச்சதெண்டு நினைச்சிருக்கிறன்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "கடைக்காரன்தான் சுத்தினவன் எண்டு எனக்கும் தெரியும் அக்கா. எண்டாலும் அவன் வந்து பிரிக்கட்டும் எண்டு வைச்சிருக்கிறன். அதைப் பிரிச்சால் அவன் வரமாட்டான் எண்டு ஒரு பயம்."

பிரதீபன் தலையைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பகிடியும் வரவில்லை. என் வாய்க்கு அது பெரிய விசயம்.

"ராசம்மா," என்றேன், "அவன் வரவேணும் எண்டால் மாலினிக்கு வேலை வேணும். வேலைக்கு இந்த மெசின் வெளியில கதைக்கவேணும். அதுக்கு உந்த வயர் வேணும். உனக்கு வேண்டாமெண்டால் நான் கேக்கேல்லை. ரஃபீக் நானா வரும்வரைக்கும் இருப்பம். ஆனா அவன் இப்ப இந்தக் கடை வாசலில நிண்டால் என்ன செய்வான் எண்டு மட்டும் யோசிச்சுப் பார்."

அவள் யோசித்தாள். பையைத் திறந்தாள். பெட்டியை எடுத்து மாலினியின் கையில் வைத்தாள்.

"நீ பிரி. வேற ஆரும் தொடவேண்டாம்."

மாலினி அந்தக் கடதாசிப் பட்டியைக் கிழிக்காமல் நகத்தால் உரித்தாள். ராசம்மா பட்டியை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

வயரைக் கொழுவியதும் லாப்டொப்பின் மூலையில் ஒரு சின்னக் குறி எழும்பியது. இன்டர்நெட் வந்துவிட்டது. நான் கையைத் தட்டினேன். "அப்பிடியே விடு. அசையாதை. வயரோடையே சோதனையைச் செய்யட்டும்."

"ஏலாது ஆச்சி," என்றான் பிரதீபன். "பற்றரி பழசு. வயரால போன் அதின்ர சார்ஜை உறிஞ்சுது. சோதனை முடியமுதல் மெசின் நிண்டுடும். கோப்பை இறக்கி வைஃபையை எழுப்பவேணும். பிறகு வயரைக் கழட்டிப்போட்டுப் போனில இருந்து இன்டர்நெட்டைக் காற்றால எடுக்கலாம்."

"எழுப்ப என்ன செய்யவேணும்?"

"மெசினை நிப்பாட்டித் திருப்பி ஓடவிடவேணும்."

ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தப்போகிறானாம்! வேண்டாமென்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். காலையில் ஒளிக்க இடம் தேடிய முகம் இல்லை அது. கணக்குப் பார்த்துப் பேசுகிற முகம். எனக்குப் பற்றரியும் தெரியாது, கோப்பும் தெரியாது. முகம் தெரியும். "செய்," என்றேன்.

கோப்பு இறங்கியது. ஏற்றினான். நிறுத்தினான். திரை கறுத்தது. ராசம்மா "பிள்ளையாரே" என்றாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். கறுப்பில் வெள்ளை எழுத்துக்கள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. பிறகு மயில் நீலம். பிரதீபன் மூலையில் ஒரு இடத்தைத் தட்டினான். ஒரு பெயர் வந்து நின்றது. அகரன். மாலினி தன் போனுக்குப் பிள்ளையின் பெயரைத்தான் வைத்திருந்தாள்.

"வந்திட்டான்," என்றாள் மாலினி. அந்த நாளில் அவள் உரத்துச் சொன்ன முதல் சொல் அது.

பின்னறையைத் துடைத்து அவளை உள்ளே இருத்தினோம். நான் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டு ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்புக்காக இல்லை, அவள் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க. கரண்ட் வரவே இல்லை. ஒரு மட்டை எடுத்து விசிறிக்கொண்டு இரண்டு மாமியார்மாரும் வாயைத் திறக்காமல் இருந்தோம். அப்படி ஒரு காட்சி கிளிநொச்சியில் அதற்கு முன் நடந்திருக்காது.

மாலினி வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?"

"தெரியேல்லை மாமி. எண்டாலும் ஒரு இடத்திலயும் நிக்காமல் முடிச்சனான்."

ராசம்மா எழும்பி நேரே பிரதீபனிடம் போனாள். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"தம்பி, காலையில இருந்து ஏதும் சாப்பிட்டனீயே?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். தாங்கள் கட்டிக்கொண்டு வந்த இடியப்பப் பார்சலில் ஒன்றை அவன் மேசையில் வைத்துவிட்டுத்தான் அவள் பஸ்சுக்குப் போனாள்.

இனி உங்களுக்கு. ருசி பார்க்காமல் இறக்காதீர்கள், அதை முதலாளியே சொல்லித்தருவார். நான் சொல்வது வேறு. மெசினைக் கையில் வாங்குமுன் இது எதற்கு என்று கேளுங்கள். அதைக் கேட்டு வைத்திருந்ததால்தான் நாளைக்கு வாருங்கள் என்ற சொல் அன்று எங்கள் வாயிலிருந்து வெளியே போகவில்லை. பிழை விட்டால் ஆளின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஏச்சு விழும், விழட்டும். ஒளித்திருந்தால் ராசம்மா பையைத் திறந்திருப்பாளா? பிறகு, உங்களில் ஒருவன் விழுந்தால் அவன் கதிரையை இழுக்காதீர்கள்.

அன்று பின்னேரமே விசாரணை தொடங்கிவிட்டது. ரஃபீக் நானா வந்தார். எதிர்ப்பக்கத் தையல் கடை ராணி வந்தாள். "ஆச்சி, உங்கட பெடியன் ஆற்றையோ லாப்டொப்பை அழிச்சுப்போட்டானாமே? அந்த மனிசி போட்ட சத்தம் எங்கட மெசினுக்கு மேலால கேட்டுது," என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பிரதீபன் அந்த நாட்களில் முன்பக்கம் வராமல் பின்கதவால் போய்வந்தான்.

அடுத்த கிழமை ராசம்மாவிடமிருந்து போன் வந்தது. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "அக்கா, மாலினியை எடுத்திட்டினம். சுதன் கையெழுத்து வைக்கேல்லை. ரிக்கெட் போடுறானாம்," என்றாள். பிறகு கனநேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் போனை உள்ளே கொண்டுபோய்ப் பிரதீபனின் காதில் வைத்தேன்.

அதன் பிறகுதான் வாசலுக்கு வந்தேன். ரஃபீக் நானாவும் ராணியும் நின்றார்கள். ராணி விடவில்லை. "இனியாவது சொல்லுங்கோ ஆச்சி, அண்டைக்கு என்ன அவ்வளவு சத்தம்?"

"ஒண்டுமில்லை," என்றேன். "கட்டாரில நிண்ட ஒருத்தர் வீட்டை வாறார். எங்கட பிரதீபன் அவருக்கு றோட்டுப் போட்டவன். றோட்டுப் போட்டால் சத்தம் கேக்கும்தானே."